பதினோரு வெடியும் மல்லிகாக்காவின் சொம்பும்

கல்குவாரியில் வெடி வைக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, சிநேகிதர்கள் உண்டு, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட உண்டு. அவனை நம்புகிற ஆள் மட்டும் கிடையாது.

உங்களுக்கும் இந்த அனுபவம் கொஞ்சமாவது இருக்கும். நகைக்கடையில் ஒன்றும் வாங்காமல் வெளியே வரும்போது வாசலில் நிற்கிற காவலாளி உங்கள் பையை ஒரு மாதிரி பார்த்திருப்பான். ஏ.டி.எம்.மில் நாலு நிமிஷம் கூட நின்றதற்கு வெளியே நிற்பவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருப்பார். அப்போது உங்களுக்கு வந்த எரிச்சலை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தினப்படி நாஷ்டா.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் ஒரு கருங்கல் குவாரியில் நான் வெடி மேஸ்திரி. பெயர் தாமோதரன். ஊரில் 'வெடி தாமு' என்றால்தான் தெரியும். அரசாங்கம் பரீட்சை வைத்து, போட்டோ ஒட்டி, முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்த ஆள். கம்ப்ரசர்காரர்கள் பாறையில் குழி போட்டுக் கொடுப்பார்கள். நான் மருந்து நிரப்பி, திரி வைத்து, சிவப்புக் கொடி காட்டி, விசில் ஊதி, பற்றவைத்துவிட்டு மறைவில் போய் நின்று சத்தத்தை எண்ணுவேன். ஒவ்வொரு திரியும் ஒவ்வொரு நீளம் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெடிக்கும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் வரவேண்டும். வந்துவிட்டால், புகை அடங்கியதும் இறங்கி ஒரு நோட்டம் விட்டு, பொக்லைன் ஓட்டுகிற ஏசுதாஸைப் பார்த்து "போ" என்பேன்.

ஒரு சத்தம் குறைந்தால், கல்லுக்குள் ஒரு குழி வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பொக்லைனின் பல் அதன்மேல் பட்டால் ஏசுவும் இல்லை, வண்டியும் இல்லை. ஆக, என் உத்தியோகம் அந்த "போ" என்கிற ஒரு வார்த்தையில் இருக்கிறது. மற்றதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பையில் என்ன?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை, உள்ளே சேப்பங்கிழங்கு. பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், என் பக்கத்து சீட் மட்டும் காலி. என்னைத் தெரிந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என்னைத் தெரியாத ஒருவரின் காதில் ஏதோ சொல்ல, அவர் எழுந்து போய்ப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து முன்சீட்டுக்காரரிடம் கொடுத்து, அவரை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெடிமருந்தை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, அதற்கென்று தனி வண்டி இருக்கிறது, தனி அனுமதி இருக்கிறது, சட்டமே இருக்கிறது என்று விளக்கினேன். சட்டத்தைப் பற்றிப் பேசியதும் அவர்கள் முகத்தில் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. யோக்கியன் எதற்குச் சட்டம் பேசுகிறான்? கடைசியில் பையைப் பிரித்து ஒரு கிழங்கை எடுத்து உயர்த்திக் காட்டினேன். கீரைக் கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மாள் அதை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல கெயங்கு கீது. அடியில இன்னா கீதோ, யாரு கண்டா."

மாப்பிள்ளையின் கை

பெண் பார்க்கப் போனால் பையனின் சம்பளத்தை விசாரிப்பார்கள், குடிப்பானா என்று விசாரிப்பார்கள். எனக்கு அந்தச் சடங்கெல்லாம் இல்லை. திருமுக்கூடலில் என் வருங்கால மாமனார் வாசலுக்கே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவேயில்லை. என்ன பாசம், என்ன மரியாதை என்று எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. அப்புறம்தான் கவனித்தேன், மனுஷன் உதடு அசையாமல் விரலை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "பத்தும் கீது. எத்தினி நாளைக்கி இருக்கும்னு புள்ளையாண்டானாண்ட கேட்டுக்கினு அப்பறமா காபி கலக்குங்க."

உறைமோர் கேட்பது மாதிரி

எங்கள் பக்கத்தில் நிலபுலன் உள்ள விவசாயி ஒருவர். நல்ல மனிதர், கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பவர். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினார், ஏரியைப் பற்றிப் பேசினார், என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக்கூட அக்கறையாகக் கேட்டார். இவ்வளவு அக்கறை எதற்கு என்று நான் உஷாராகிவிட்டேன். எங்கள் தொழிலில் சந்தேகம் ஒருவழிப் பாதை இல்லை. கடைசியில் விஷயம் வந்தது. "கெணத்துல ஒரு பாறை முட்டிக்கினு நிக்கிது தாமு. கொஞ்சூண்டு மருந்து குடுப்பா. ஒரு கை அளவு போதும்." அடுத்த வீட்டில் உறைமோர் கேட்பார்களே, அந்தக் குரல்.

அவர் கிணறு எனக்குத் தெரியும். அதில் பாறையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஏரியில் அந்த வருஷம் விரால் நிறைய விழுந்திருந்தது. தண்ணீருக்குள் வெடி போட்டால் மீன் மிதக்கும், சில சமயம் போட்டவனும் மிதப்பான். "ஐயா, கிடங்கிலிருந்து வருகிற மருந்தில் மிச்சமானது அன்றைக்கே கிடங்குக்குத் திரும்பிவிடும், ஒரு துளி வெளியே வைத்தாலும் எனக்கு ஜெயில்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது சொன்னது இதுதான்: "எனக்கு இல்லன்ற. அப்ப யாருக்கோ குடுத்துட்ட."

உத்திரமேரூர் எரிமலை

குவாரியில் கல் எடுத்து முடித்த பழைய பள்ளம் ஒன்று இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். மார்கழிக் குளிரில் விடிகாலையில் அந்தத் தண்ணீர் மேலிருந்து ஆவி எழும்பும். ராத்திரி முழுக்க வெளிக்காற்று குளிர்ந்துவிடுகிறது, ஆழத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. வேறொன்றுமில்லை. ஆனால் எங்கள் டீக்கடைக்காரர் அதைப் போனில் படம் பிடித்து, தன் சொந்தக் குரலில், "உத்திரமேரூர் அருகே பூமிக்குள்ளிருந்து புகை. எரிமலையா?" என்று பேசி அனுப்பிவிட்டார். பத்து மணிக்குள் பள்ளத்தைச் சுற்றி டூவீலர்கள். சாலவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருந்தது. எரிமலையைப் பார்க்கக் கைக்குழந்தையோடு வருகிற ஊர், என் துணிப்பைக்குப் பயந்து படிக்கட்டில் தொங்குகிறது.

வி.ஏ.ஓ. வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாத்தியார் நல்லவர். பொறுமையாகச் சொன்னார்: நம் மலைக் கல் எத்தனையோ காலத்துக்கு முன்னால் பூமிக்கு அடியில் வெந்து இறுகினது, இப்போது இங்கே கீழே கொதிக்கிற குழம்பெல்லாம் கிடையாது, இது வெறும் ஆவி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பழக்கத்தில், எரிமலை எப்படி வெடிக்கிறது என்று விளக்கப் போய்விட்டார். "உள்ளுக்குள்ள குழம்புல வாயு அடைபட்டுக் கிடக்கும். மேலே இருக்கிற பாரம் குறைஞ்சா வெளியே வரத் துடிக்கும். பாறையைப் பிளந்துக்கிட்டு கிளம்பும். நம்ம தாமு வைக்கிற வெடியிலும் வாயுதான் பாறையைப் பிளக்குது, ஏறக்குறைய அதே சங்கதிதான்."

கூட்டம் மொத்தமும் பள்ளத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. மேலே இருக்கிற பாரத்தை எடுப்பவன் யார்? கல்லை எடுப்பவன். கல்லை உடைப்பவன் யார்? நான். எரிமலை இங்கே கிடையவே கிடையாது என்று வாத்தியார் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார். டீக்கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை: "அது பாட்டுக்குத் தூங்கிக்கினு கீது சார். இவரு டெய்லி கதவத் தட்டிக்கினு கீறாரே."

மிஷினும் சொம்பும்

இவர்கள் எல்லாரும் அரை நாள், ஒரு நாள் சந்தேகப்பட்டவர்கள். வருஷக்கணக்காக என்னைச் சந்தேகப்படுகிற ஒருவர் இருக்கிறார். மல்லிகாக்கா. குவாரிக்கு எதிரே குடியிருப்பின் கடைசி வீடு அவருடையது. கழனி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய், அரசாங்கத் திட்டத்தில் கிடைத்ததோடு கைக்காசையும் போட்டு ஒரு கான்கிரீட் வீடு கட்டினார். கட்டின சூட்டிலேயே ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல் வந்தது. வீட்டுக்காரர் சென்னையில் வாட்ச்மேன், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆகவே விரிசலைக் காவல் காப்பது மல்லிகாக்காவின் பொறுப்பு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தைக் கோந்து போட்டு ஒட்டி, அது கிழிகிறதா என்று தினம் பார்ப்பார்.

கலெக்டரிடம் மனு கொடுத்தார், தாசில்தாரிடம் கொடுத்தார், ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பேசினார். கடைசியில் ஊரார் ஒரு முடிவு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் வெடி வைப்பதற்கு முன்னால் நான் மல்லிகாக்காவுக்குப் போன் செய்து இன்றைக்கு இத்தனை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதற்கு மேல் ஒன்று வைத்தாலும் வேலை நிற்கும். அன்றிலிருந்து தினம் இந்தக் கச்சேரிதான். "அக்கா, இன்னைக்கு எட்டு." "எட்டுதானே? எண்ணிக்கினு கீறேன்." போனை வைத்ததும் அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்கிவைப்பார். ஒரு பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஜன்னல் கட்டையில், விரிசலுக்குக் கீழே வைப்பார். பூமி அதிரும்போதெல்லாம் தண்ணீர் வளையம் போடும். வளையத்தை எண்ணுவார்.

குவாரி நிர்வாகம் சும்மா இருக்குமா? அதிர்வை அளக்கிற மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து மல்லிகாக்காவின் வாசற்படியில் வைத்தார்கள். நான் வெடி வைத்தேன். மிஷின் ஒரு காகிதத்தைத் துப்பியது. அதிர்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று கண்ணாடி போட்ட ஒருவர் அதைப் படித்துக் காட்டினார். எங்கள் மேனேஜர் பாலு, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கும்பிட்டார். மல்லிகாக்கா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மிஷினு உங்க மிஷினு. சொம்பு என் சொம்பு."

சந்தேகப்படாத ஆள்

என்னை நம்புகிறவர்கள் கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஒரு ஆள் விதிவிலக்கு. அதுதான் ஏசுதாஸ். முப்பது வயசு, இரண்டு பெண் குழந்தைகள், பொக்லைனின் கண்ணாடியில் ஒரு சிலுவையும் குழந்தைகளின் போட்டோவும். நான் "போ" என்றால் போவான். "எல்லாம் வெடிச்சிதா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. மேனேஜர் பாலு நேர் எதிர். புகை அடங்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் நான் வேண்டுமென்றே நிழலில் படுத்துக்கொள்வதாக அவருக்குச் சந்தேகம். கிரஷர் சும்மா நிற்கிறது, டிப்பர் சும்மா நிற்கிறது என்று என் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பார்.

ஏசுவின் நம்பிக்கைதான் எனக்கு அதிக பேஜார். சந்தேகப்படுகிறவனுக்குப் பதில் சொல்லிவிடலாம். நம்புகிறவனிடம் என்ன சொல்வது? ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, "டேய், நீயும் சத்தத்தை எண்ணுடா, ஒன்று விட்டுப்போனால் என்னைக் கேளு" என்றேன். அவன் என் டிபனிலிருந்து கருவாட்டை எடுத்துக்கொண்டு சிரித்தான். "அத்தையும் நானே பாத்துக்கணும்னா நீங்க இன்னாத்துக்குணா?"

பதினோராவது சத்தம்

அன்றைக்குப் பதினோரு குழி. குடியிருப்பில் ஒரு சாவு. வயசானவர், நல்ல சாவு. சாவு வீட்டின் எதிரில் வெடி வைப்பது முறையில்லை என்று வேலையைத் தள்ளிப்போடச் சொன்னேன். மேனேஜர் பாலு விசாரித்துவிட்டு வந்தார். சென்னையிலிருக்கும் மகள் வரவேண்டும், சாயங்காலம்தான் எடுப்பார்கள், அதற்குள் முடித்துவிடலாம் என்றார். மல்லிகாக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, இன்னைக்குப் பதினொன்று." "சாவு வூட்டாண்ட கூட சொம்மா இருக்க மாட்டியா? சரி, எண்ணிக்கினு கீறேன்."

பற்றவைத்துவிட்டு மறைவுக்குப் போய் எண்ணினேன். விட்டு விட்டு வந்தது. ஒன்பது. பத்து. கொஞ்சம் இடைவெளி. பதினொன்று. கடைசிச் சத்தம் சற்று மந்தமாக இருந்ததாகப் பட்டது. கடைசிக் குழி உள்வாங்கின மூலையில் இருந்தது, அதனால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். புகை அடங்கியது. இறங்கிப் பார்த்தேன். மூலையில் கல் நிறையச் சரிந்து குவிந்து கிடந்தது. வெடித்த இடம் மாதிரிதான் இருந்தது. ஊர்ப்பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தவரைக்கூடச் சந்தேகப்பட்ட எனக்கு அந்த மேளத்தின்மேல் சந்தேகம் வரவில்லை. மேலே ஏறிவந்து ஏசுவைப் பார்த்து "போ" என்றேன்.

போன் அடித்தது. மல்லிகாக்கா. விரிசல் புராணம் என்று கட் செய்தேன். மறுபடி அடித்தது. ஏசு வண்டியைக் கிளப்பிச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தான். தொல்லை விட்டால் போதும் என்று எடுத்தேன். "பதினொண்ணுன்னு சொன்னியே மேஸ்திரி. பத்துதான் ஆடிச்சி. மீதி ஒண்ணு எங்க?" பதினொன்றும் வெடித்துவிட்டது அக்கா, என் காதால் எண்ணினேன் என்றேன். "உன் காது ஊர் சத்தத்த எல்லாம் எண்ணும். இங்க பொண்ணு சீக்கிரமா வந்துட்டா, பொணத்த எடுத்துட்டாங்க. தூக்கும்போது ஒரு அதிர்வேட்டு போட்டாங்க. அத்தையும் உன் கணக்குல சேத்துக்கினியா? சொம்புல பத்துதான்."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து பாடையைத் தூக்கும்போது ஊருக்குத் தெரிய ஒரு அதிர்வேட்டு, பிறகு வழி நெடுக. தூக்கும்போது போட்ட அந்த ஒன்றுதான் பத்துக்குப் பின்னால் வந்து விழுந்திருக்கிறது. காற்றில் வருகிற சத்தம் காதுக்கு வரும், சொம்புக்கு வராது. இதெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஏசு மூலைக்குப் போய் வண்டியைத் திருப்பி, வாளியைத் தூக்கிவிட்டான். கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் என்ன கேட்கும்? கொடியைப் பிடித்துக்கொண்டு சரிவில் விழுந்து எழுந்து ஓடினேன். விசிலை ஊதினேன், ஊத மூச்சு வரவில்லை, மறுபடி ஊதினேன். வாளி பாதி இறங்கினது அப்படியே அந்தரத்தில் நின்றது. என் கையைப் பார்த்தான். வா என்று காட்டினேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நடந்து வந்தான். அவன் நம்பிக்கை அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தது.

நெடுநேரம் காத்திருந்தோம். மேனேஜர் பாலுவுக்கு முதுகுக்குப் பின்னால் நடக்கத் தெம்பில்லை, ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் மட்டும் போய்க் கையால் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன். பக்கத்துக் குழி வெடித்தபோது பறந்த கல் ஒன்று திரியை நறுக்கியிருந்தது. குழி நிறைய மருந்தோடு, பத்திரமாக இருந்தது. வாளியின் பல் இறங்கவிருந்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் என் உடம்பு நீளம்கூட இல்லை. முறைப்படி செய்யவேண்டியதைச் செய்து, மல்லிகாக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அந்த ஒன்றை வெடித்தேன். புகை அடங்குவதற்குள் போன் வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "இப்பதான் கணக்கு ஒயுங்காச்சி. ஒண்ண ஒளிச்சி வெச்சிக்கினு ராத்திரியில வெக்கலாம்னு பாத்தல்ல. புட்சிட்டேன் பாத்தியா."

ஆப்பிள்

மறுநாள் ஏசுவும் நானும் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு மல்லிகாக்காவின் வீட்டுக்குப் போனோம். ஏசு தன் பெரிய பெண்ணையும் கூட்டி வந்திருந்தான். நடந்ததை விளக்கினேன். ஏசு பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். மல்லிகாக்கா அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் எடுத்துவந்து அதன் கையில் கொடுத்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

நான் ஜன்னலைப் பார்த்தேன். போன தடவை பார்த்ததைவிட விரிசல் நீண்டிருந்தது. காகிதம் நடுவில் கிழிந்து, பக்கத்தில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. மிஷின் காட்டிய அளவு சரியாகவே இருக்கலாம். ஆனால் தினம் தினம் கதவைத் தட்டுகிறவன் நான்தானே. எனக்கு முதல் தடவையாக என்மேலேயே சந்தேகம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. சுவரைப் பற்றி நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன் அக்கா, அந்த மிஷினை எல்லா வெடிக்கும் இங்கே வைக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் ஆப்பிள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவிவிட்டுத்தான் பதில் சொன்னார்: "ஆப்பிளுக்கு எல்லாம் சொவுரு ஒட்டிக்காது மேஸ்திரி. நாளைக்கி எத்தினின்னு சொல்லிட்டுப் போ."

இப்போதெல்லாம்

நிர்வாகத்திடம் பேசினேன். பேசிக்கொண்டே இருக்கிறேன். மேனேஜர் பாலுவுக்கு, மல்லிகாக்காவிடம் நான் ஏதோ வாங்கிக்கொண்டேன் என்று புதுச் சந்தேகம். ஊரில் சாவு என்றால் பாடை சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் திரியைத் தொடுகிறேன். ஏசுவும் மாறிவிட்டான். நான் "போ" என்று சொன்னதும் போவதில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கேட்பான்: "நீங்க எண்ணுனது இருக்கட்டும்ணா. அக்கா இன்னா சொன்னாங்க?"

ஆகையால் மானாம்பதிப் பக்கம் போகிறவர்கள் யாராக இருந்தாலும், மல்லிகாக்காவைப் பார்த்தால் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்து அந்தச் சொம்பைக் கவிழ்த்துவிட்டால், அப்புறம் நான் எந்தத் தைரியத்தில் ஏசுவை "போ" என்பேன்?